இருபத்துநான்கு டியூப் ரத்தம்

காக்களூர்
23.1.2024, செவ்வாய்

தம்பி தாவீதுக்கு,

கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். இதை ஒப்புக்கு எழுதவில்லை, மனசாரத்தான் எழுதுகிறேன். அடி வாங்குகிறவன் தெம்பாக இருந்தால்தான் அடிக்கிறவனுக்குத் திருப்தி. ஜெனிபரும் குழந்தையும் நலமா?

ஃபோன் பண்ணாதே. உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். ஃபோனில் நீ அழுவாய். நீ அழுதால் நான் இளகிவிடுவேன் என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பி வீட்டுக்கும் வந்துவிடாதே. எழுது. கடிதத்தில் அழுகைச் சத்தம் கேட்காது.

இதை டயாலிசிஸ் கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். செவ்வாய், வியாழன், சனி, தடவைக்கு நாலு மணி நேரம். இடது கையில் இரண்டு ஊசி. வலது கை சும்மாதான் கிடக்கிறது. மகள் பிரின்சியின் பரீட்சை அட்டையை மார்பின்மேல் வைத்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் சென்னை ஆஸ்பத்திரியில் மாற்றுக் கிட்னிக்குப் பேர் பதியப் போனோம். பழைய ரிப்போர்ட் எல்லாம் வேண்டும் என்றார்கள். கம்பெனியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துக் கொடுத்த தாள்களை, உன் அண்ணி ஜவுளிக்கடைப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். ஆறு வருஷம், இருபத்துநான்கு தாள். எல்லாவற்றிலும், என் கிட்னியைத் தின்ற ஈயம் அளவுக்குள்தான் இருக்கிறது. டாக்டரம்மா ஒவ்வொன்றாகப் புரட்டினார். "இதெல்லாம் யாரோடது?" என்று கேட்டார். "என்னுதுதாம்மா. மேல பேரு கீதே, இம்மானுவேல்னு" என்றேன். "உங்க ரத்தம் ஏ பாசிட்டிவ். இதுல இருபத்துநாலுலயும் ஓ பாசிட்டிவ்னு இருக்கே?" என்றார்.

எனக்கு இன்னா வகை ரத்தம் என்று அந்த இங்கிலீஷ் தாளில் நான் எந்தக் காலத்தில் பார்த்தேன்?

நம் குடும்பத்தில் ஓ பாசிட்டிவ் யார் தாவீது? அம்மாவின் ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தவன் யார்? கம்பெனியின் ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் உட்கார்ந்து, டியூபுக்கு டியூப் பேர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தவன் யார்? ஊசி போடுகிற படிப்புக்கு உன்னை அனுப்பினவனே நான்தான்.

ரத்தம் எடுக்கிற வாரம் உனக்கு நினைவிருக்கும். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் ஃபர்னஸ் ஆட்களுக்கு மட்டும் திங்கட்கிழமையிலிருந்தே வெல்லக்கட்டி, வாழைப்பழம், பால். தின்றால் ஈயம் இறங்கிவிடுமாம். காண்ட்ராக்டர் சடையப்பன் நின்று கவனிப்பான். ஆபீஸ்காரன் எவனாவது கையை நீட்டினால், "உனக்கு இன்னாத்துக்கு? நீ இன்னா ஈயமா காச்சற?" என்று விரட்டுவான். நானும் ஆறு வருஷம் வெல்லம் தின்றேன், ரிப்போர்ட் நன்றாக வந்தது என்று ஸ்தோத்திரம் சொன்னேன். வயிறு முறுக்கும்போதெல்லாம், "கேஸ்ணா, ஒண்ணுமில்ல" என்று நீ மாத்திரை கொடுத்தாய். இன்றைக்கு அதே வாழைப்பழம் ஒன்றைத் தின்றால் என் இதயம் நின்றுபோகும் என்கிறார்கள்.

என் கையிலிருந்து எடுத்த ரத்தம் எங்கே போயிற்று? உன் கைப்பட எழுது.

உன் அண்ணன்
இம்மானுவேல்


கும்மிடிப்பூண்டி
11.2.2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களும் அண்ணியும் பிரின்சியும் நலமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். இங்கே ஜெனிபரும் குழந்தையும் சுகம். எனக்குக் கொஞ்சம் கேஸ் தொந்தரவு, வேறொன்றுமில்லை.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. டியூட்டி மாறி மாறி வருகிறது. உங்களுக்குத்தான் தெரியுமே, நான் இப்போது ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்பே எடை மேடைக்கு மாற்றிவிட்டார்கள். லாரி வந்தால் எடை போடுவது, சீட்டு கிழிப்பது, அவ்வளவுதான் வேலை.

ரிப்போர்ட் விஷயம் லேபில் நடந்த தவறாக இருக்கலாம். அதை நினைத்து மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள். பிரஷர் ஏறும். தண்ணீர் அளவாகக் குடியுங்கள். காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டச் சொல்லுங்கள்.

பிரின்சிக்குப் பரீட்சை நெருங்குகிறது. நன்றாக எழுதச் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

அன்புத் தம்பி
தாவீது


காக்களூர்
15.2.2024, வியாழன்

தாவீதுக்கு,

நலம் விசாரிப்பு உன் கடிதத்திலேயே ஏகத்துக்கு இருந்தது. அதில் பாதியை நீயே வைத்துக்கொள்.

நேரில் "வாண்ணா போண்ணா" என்கிறவன் கடிதத்தில் "நீங்கள், உங்கள்" என்கிறாய். தப்பு செய்தவனுக்குத்தான் இவ்வளவு மரியாதை வரும். லேபில் தவறாம்! ஒரு தடவை தவறினால் தவறு. இருபத்துநான்கு தடவையும் அதே ஓ பாசிட்டிவ் வருமா? உன் காதில் பூ இருக்கிறதா, இல்லை என் காதில் வைக்கப் பார்க்கிறாயா?

தண்ணீரைப் பற்றி நீ எனக்குச் சொல்கிறாயா? ஒரு நாளைக்கு அரை லிட்டர். மருந்து விழுங்குவதும் அதில்தான், கஞ்சியும் அதில்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்போது ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் அண்ணி மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்து வருவாள். எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் வேலை. வந்ததும் பானையைத் திறந்து எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பாள். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை தண்ணீர் திருடுகிறேனா என்று பெண்டாட்டி வேவு பார்க்கிறாள். இதுதான் நீ எனக்குக் கொடுத்த வாழ்க்கை.

பக்கத்துக் கட்டிலில் போன வாரம் வரை சுப்பராயன் என்று ஒருவர் இருந்தார். பழவேற்காட்டில் மீன் பிடிக்கிறவர். நாலு வருஷமாக மாற்றுக் கிட்னிக்குக் காத்திருந்தார். போன சனிக்கிழமை அந்தக் கட்டிலில் வேறு ஆள் படுத்திருந்தார். சுப்பராயனின் சீட்டை நர்ஸ் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

ஒரே கேள்விதான். என் ரத்தம் எங்கே? எழுதாவிட்டால் அந்த ஜவுளிக்கடைப் பையோடு உன் சபைக்கே வருவேன். நீ அங்கே செயலாளராமே!

இம்மானுவேல்


கும்மிடிப்பூண்டி
17.3.2024

அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

வாஷ் பேசினில் ஊற்றினேன்.

வெளியிலிருந்து வரும் நர்ஸ் எல்லோருக்கும் ரத்தம் எடுத்து வைத்துவிட்டு, சாப்பிடப் போவாள். அந்த நேரத்தில் உங்கள் டியூபைத் திறந்து ஊற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுவேன். பிறகு என் கையிலிருந்து நானே எடுத்து, உங்கள் பேரை ஒட்டுவேன். இன்னும் பதினோரு பேருக்கும் இப்படித்தான். அவர்களுக்கு செக்யூரிட்டி, டிரைவர் ஆட்களின் ரத்தம். சடையப்பன் அனுப்பிவைப்பார். உங்களுக்கு மட்டும் வேறு யாருடைய ரத்தத்தையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

அந்த இருபத்துநான்கு தாளுக்கும் முன்னால், முதல் வருஷம் உங்களுக்கு ஈயம் அளவுக்கு மேல் போய், மூன்று மாதம் வேலையில்லாமல் உட்காரவைத்தார்களே, நினைவிருக்கிறதா? வீட்டில் நீங்கள் சுவரில் முட்டிக்கொண்டு அழுதீர்கள். "ஒரு சொட்டு ரத்தத்தால என் பொழப்பு போச்சேடா" என்றீர்கள். மறுபடியும் வேலைக்கு எடுத்தபோது சடையப்பன் என்னைக் கூப்பிட்டு, "உங்கண்ணன் வேலைல இருக்கணுமா, வாணாமா? உன் கைலதான் கீது" என்றார். ஒரே ஒரு தடவை என்றுதான் நினைத்துச் செய்தேன். அடுத்த தடவை பயந்து செய்தேன். அதற்குப் பிறகு நினைக்காமலே செய்தேன்.

என் ரத்தம் ஓ. யாருக்கு வேண்டுமானாலும் சேரும் என்கிறார்கள். என் கிட்னி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா. ஜெனிபரிடம் சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போடுகிறேன் என்றாள்.

தாவீது


காக்களூர்
21.3.2024, வியாழன்

தாவீதுக்கு,

நான் சாகவில்லை. நீயும் சாகாதே. உன்னிடம் வேலை இருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். ஒன்று பிரின்சியின் சர்டிபிகேட் ஃபைலில், ஒன்று அரிசி டிரம்மில், ஒன்று வக்கீல் குணசுந்தரி அம்மாவிடம். திருவள்ளூர் கோர்ட்டில் தொழிலாளி கேஸ் நடத்துகிறவர். ஏன் கடிதம் எழுதச் சொன்னேன் என்று இப்போது புரிகிறதா? அழுகைக்குப் பயந்தது பாதிதான். மீதி இதற்காகத்தான். கோர்ட்டில் உன் கையெழுத்து பேசும்.

சுவரில் முட்டிக்கொண்டேன், ஆமாம். வேலை போனவன் வேறு எங்கே முட்டுவான்? "என்னைக் கொன்னாவது வேலைல வைடா" என்று உன்னிடம் சொன்னேனா? ஒரு வார்த்தை. "அண்ணா, உன் ரத்தத்துல ஈயம் ஏறிக்கினு போவுது, நான் மறைக்கிறேன்" என்று காதோடு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் மூட்டை தூக்கியாவது பிழைத்திருப்பேன். ஒன்றாக உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டோமே தாவீது. என் தட்டிலிருந்து இட்லியை எடுத்துத் தின்னும்போதுகூட உனக்கு வாய் வரவில்லை.

கிட்னி தருகிறாயாம். யாருக்கு வேண்டும்? ஒன்றை அறுத்துக் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சபையில் எழுந்து, "என் அண்ணனுக்கு உயிர் கொடுக்கக் கர்த்தர் எனக்குக் கிருபை செய்தார்" என்று சாட்சி சொல்வாய். எல்லோரும் அல்லேலூயா என்பார்கள். நானும் உன் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைக்க வேண்டும். அந்த சந்தோஷத்தை நான் உனக்குத் தர மாட்டேன். நான் இப்படியே ஊசி குத்திக்கொண்டு கிடப்பேன், நீ பார்த்துக்கொண்டிரு.

சாட்சி சொல்ல வேண்டுமானால் இதைச் சொல். வாஷ் பேசினைப் பற்றிச் சொல்.

இம்மானுவேல்


காக்களூர்
22.4.2024

தம்பி தாவீதுக்கு அண்ணி ஜெபா எழுதுவது,

எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகமில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் உன் அண்ணன் நான் வேலைக்குப் போன நேரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டார். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாராம், ஒவ்வொரு தடவையும் தொண்டை எரிகிறதாம். சாயங்காலம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. ஏழு நாள் ஆக்ஸிஜனில் இருந்தார். அதிலும் மாஸ்க்கைக் கழற்றி, "அவன் வந்தானா?" என்று கேட்டார். "வரவில்லை" என்றேன். "வரக் கூடாது" என்றார்.

இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வரிசையில் எத்தனையோ பேர் முன்னால் இருக்கிறார்கள். கூடப் பிறந்தவன் கொடுத்தால் வரிசை தேவையில்லை.

அவர் வேண்டாம் என்பார். நான் வேண்டும் என்கிறேன். உன்னிடம் கெஞ்சுவதாக நினைக்காதே. ஆறு வருஷம் என் வீட்டுக்காரர் சாப்பிடுகிற சோற்றில் விஷம் இருந்தது உனக்குத் தெரிந்திருந்தது, பரிமாறின எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கண்ணெதிரில் பார்த்தால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் வா. வந்து டெஸ்ட் எடு. அவரை நான் சம்மதிக்கவைக்கிறேன்.

ஜெனிபருக்கும் குழந்தைக்கும் என் அன்பு. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

ஜெபா


கும்மிடிப்பூண்டி
5.5.2024

அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

மூச்சுத் திணறல் குறைந்ததா? தூக்கம் வருகிறதா? அண்ணியின் கடிதம் படித்த அன்றைக்கே கிளம்பியிருப்பேன். இந்த வாரம் லீவு கிடைக்கவில்லை. ரத்தம் எடுக்கிற வாரம், திங்கட்கிழமையிலிருந்து வெல்லமும் வாழைப்பழமும் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். யாரையும் விடமாட்டோம் என்கிறார்கள். இருபதாம் தேதி சென்னை ஆஸ்பத்திரியில் இருப்பேன். எந்த டெஸ்ட் சொன்னாலும் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, நீங்கள் சொன்னதைச் செய்துவிட்டேன். போன ஞாயிறு ஆராதனையில் சாட்சி நேரம் வந்தபோது எழுந்தேன். வாஷ் பேசினைப் பற்றிச் சொன்னேன். அந்தப் பதினோரு பேரில் நாலு பேர் சபையில் இருந்தார்கள். ஒருவர் எழுந்து வந்து என்னை அறைந்தார். பாஸ்டர் தடுக்கப் போனார், நான் வேண்டாம் என்றேன். செயலாளர் வேலையை விட்டுவிட்டேன்.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். இப்போதெல்லாம் பேனா சரியாக நிற்க மாட்டேன் என்கிறது.

தாவீது


காக்களூர்
9.5.2024, வியாழன்

தாவீதுக்கு,

மூச்சு பரவாயில்லை. உன்னைத் திட்டுகிற அளவுக்கு இருக்கிறது.

அறை விழுந்த சேதியை உன் அண்ணி இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். அன்றைக்கு ராத்திரி அவள்தான் முதலில் சொன்னாள்: "அவன் உடம்புலேந்து எடுத்துக்கோங்க. எடுத்துக்கினு அவனையே உள்ள தள்ளுங்க. ரெண்டுல ஒண்ணுதான்னு எவன் சொன்னான்?" எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று வெட்கமாகப் போயிற்று.

ஆக, சரி. உன் கிட்னியை வாங்கிக்கொள்கிறேன். நன்றி சொல்ல மாட்டேன். தையல் ஆறி, முதல் சொம்புத் தண்ணீரை நான் வயிறாரக் குடித்த மறுநாள், குணசுந்தரி அம்மா உன் கடிதங்களைக் கோர்ட்டில் வைப்பார். உன் கிட்னி என் வயிற்றுக்குள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே உன்மேல் கேஸ் நடக்கும். யோசித்து வா. வராவிட்டாலும் கேஸ் உண்டு.

இவ்வளவும் எழுதிவிட்டு, உன் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். மிஷின் இரண்டு தடவை கத்திற்று, நர்ஸ் வந்து, "இன்னா சார், பிரஷர் இப்டி ஏறுது?" என்றாள்.

எடை மேடையில் உட்கார்ந்து சீட்டு கிழிக்கிறவனுக்கு எவன்டா வெல்லம் கொடுத்தான்?

சடையப்பன் ஆபீஸ் ஆளுக்கு ஒரு வாழைப்பழத் தோலைக்கூடத் தர மாட்டான். கேஸ் தொந்தரவு என்றாய். பேனா நிற்கவில்லை என்றாய். எனக்கும் முதலில் வயிறுதான் முறுக்கிற்று. அப்புறம்தான் கரண்டி நழுவிற்று.

நீ எங்கே வேலை செய்கிறாய்? உடனே எழுது.

அண்ணன்


கும்மிடிப்பூண்டி
30.6.2024

அண்ணா,

சாப்பிட்டியா? தண்ணி அளவா குடிக்கிறியா?

மே ஒன்பதாம் தேதி நீ எழுதியதற்கு இன்றைக்குத்தான் பதில். டெஸ்ட் முடிவு வரட்டும் என்று இருந்தேன். வந்த பிறகு எழுதக் கை வரவில்லை. ஆஸ்பத்திரியிலும், முடிவை நானே உன்னிடம் சொல்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அண்ணி ஃபோன் பண்ணியபோதெல்லாம் இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி என்று பொய் சொன்னேன்.

2021-ல் நீ வேலை செய்யும்போதே மயங்கி விழுந்தாய். உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டு, நேராகச் சடையப்பனிடம் போனேன். "இனிமே ஸ்டிக்கர் ஒட்ட மாட்டேன்" என்றேன். சிரித்தார். "ஒட்டாத. உங்கண்ணன் எடம் காலியா கீது, அங்க போய் நில்லு. வெளிய போய் வாயத் தொறந்தா, பேரு ஒட்டுனது உன் கையி, உள்ள போறதும் நீதான்" என்றார். அன்றிலிருந்து நான் ஃபர்னஸில்தான் இருக்கிறேன். உன் இடத்தில், உன் கொக்கியில் சட்டையை மாட்டிக்கொண்டு. எடை மேடை என்று உன்னிடம் பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால், பரிதாபம் தேட வந்துவிட்டான் என்று நினைத்திருப்பாய்.

எனக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு ரிப்போர்ட் வந்தது. எல்லாம் அளவுக்குள். நானே ஆறு வருஷம் செய்தவன், அந்தத் தாளை நம்பினேன் பார். என் டியூபில் எவனுடைய ரத்தத்தை ஊற்றுகிறார்களோ என்று ஒரு நாள் தோன்றும், மறுநாள் இல்லை இருக்காது என்று தோன்றும். கிட்னி தருகிறேன் என்று எழுதியபோது நிஜமாகவே நம்பித்தான் எழுதினேன்.

டாக்டரம்மா ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் மேசைமேல் வைத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். பிறகு, "உன் கிட்னி உனக்கே பத்தாதுப்பா. இந்த வேலைய இன்னிக்கே விட்ரு. இல்லன்னா ரெண்டு வருஷத்துல உங்கண்ணன் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கினு இருப்ப" என்றார்.

உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை அண்ணா. கேஸ் போடு. நான் எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன்.

தாவீது


காக்களூர்
4.7.2024, வியாழன்

தாவீது,

ஆண்டவர் உன்னைக் காப்பாற்றட்டும். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஏனென்றால், ஜனவரியிலிருந்து நான் அவரிடம் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "எனக்கு வந்தது அவனுக்கும் வரட்டும். அவன் பிள்ளைக்கு முன்னால் அவனும் ஐஸ் கட்டி சப்பட்டும்." டயாலிசிஸ் கட்டிலில் மனமுருகி ஜெபித்தேன். பிரின்சியின் படிப்புக்குக் கேட்டதும், அம்மாவின் ஆபரேஷனுக்குக் கேட்டதும் அவர் காதில் விழவில்லை. இது மட்டும் விழுந்திருக்கிறது. அதுவும் நான் கேட்பதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே கொடுத்து வைத்திருக்கிறார்.

உன் கடிதத்தை உன் அண்ணி படித்துவிட்டு, கொல்லைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து வந்தாள். "அந்தக் கம்பெனில அந்தக் கொக்கி மேல இவனுக்கு அப்புறம் எவன் சட்ட தொங்கும்?" என்று கேட்டாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. வாஷ் பேசின் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது, தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டால் உன் முகம்தான் வருகிறது. ஆனால் என் கோபத்துக்கு நீ ஒருத்தன் பத்தவில்லை. உன்னை அடித்தால் இரண்டாவது அடி விழ இடமில்லை, அவ்வளவு ஒல்லியாகப் போய்விட்டாய் என்று ஜெனிபர் ஃபோனில் சொல்கிறாள்.

நேற்று குணசுந்தரி அம்மாவைப் பார்த்தேன். முதல் எதிரி கம்பெனி, இரண்டாவது சடையப்பன், மூன்றாவது நீ. உன் பேரை எடுக்கச் சொல்லவில்லை, சந்தோஷப்படாதே. ஆனால் புகார் கொடுக்கிறவர்கள் பக்கத்தில் என் பேருக்குக் கீழே உன் பேரையும் எழுதச் சொன்னேன். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரே ஆளு ரெண்டு பக்கமும் எப்டிங்க நிப்பாரு?" என்றார். "நிப்பாம்மா. ரெண்டு பேர்ல ரத்தம் குடுத்தவன் அவன்" என்றேன். சட்டத்தில் வழி இருக்கிறதா பார்க்கிறேன் என்றிருக்கிறார்.

அந்தப் பதினோரு பேரின் பேரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டு வா. உன்னை அறைந்தவருடைய பேரை முதலில் எழுது. சடையப்பன் எந்த நாள், எந்த டிரைவரை அனுப்பினான், எல்லாம் எழுது. எனக்கு வேறு எவனாவது கிட்னி தருகிற வரைக்கும் நான் உயிரோடு இருந்தாக வேண்டும். இத்தனை நாள் எதற்கு இருக்கிறோம் என்று தெரியாமல் இருந்தேன். சடையப்பன் கூண்டில் ஏறுகிற நாளைப் பார்க்க இருக்கிறேன். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க மாட்டேன் என்று உன் அண்ணிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இது கைக்கு வந்த நாளிலிருந்து வேலைக்குப் போகாதே. அடுத்த வாரம் சனிக்கிழமை காலை இங்கே வா. ஃபோனையும் திறந்துவிட்டேன், ஆனால் அழுதால் வைத்துவிடுவேன். என் டயாலிசிஸ் பத்து மணிக்குத்தான். அதற்கு முன்னால் உன்னை ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள லேபுக்குக் கூட்டிப்போகிறேன். ஈயம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று முதல் தடவையாக உன் சொந்த ரத்தத்தில் பார்ப்போம்.

ஊசி குத்தும்போது கையை மட்டும் நீட்டு. டியூபைத் தொடக் கூடாது. ஸ்டிக்கரில் உன் பேரை நான் எழுதி, நானே ஒட்டுவேன்.

உன் அண்ணன்
இம்மானுவேல்